கூப்பிடு தூரம்

கம்பி வழித் தொலைபேசியில் எண்ணும் முகவரியும் ஒன்றாகவே இருந்தன. எண்ணின் முதல் இலக்கங்கள் ஊரையும், அடுத்தவை அந்த ஊரின் இணைப்பகத்தையும், கடைசி இலக்கங்கள் இணைப்பகத்திலிருந்து ஒரு வீட்டுச் சுவர் வரை ஓடும் செப்புக் கம்பி இணையையும் குறித்ததால், எண்ணைச் சுழற்றி முடித்த கணத்தில் அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. கைபேசி இந்த உறவை அறுத்தது. அதன் எண் ஆளைக் குறிக்கிறதே தவிர இடத்தைக் குறிப்பதில்லை. ஆனால் அவரைச் சென்றடைய வேண்டிய வானொலி அலையோ ஏதேனும் ஒரு கோபுரத்திலிருந்துதான் புறப்பட்டாக வேண்டும். கோடிக்கணக்கான கைபேசிகளுள் ஒன்றை அழைக்க, பல்லாயிரம் கோபுரங்களுள் எது குரல் கொடுக்க வேண்டும் என்பதைச் சில நொடிகளுக்குள் முடிவு செய்யும் கலையைத் தொலைத்தொடர்புப் பொறியியல் இருப்பிட மேலாண்மை என்று அழைக்கிறது.

இந்தச் சிக்கல் எவ்வளவு உண்மையானது என்பதை அதைத் தீர்க்காமலே இயங்கிய ஓர் அமைப்பு காட்டுகிறது. மேற்கு ஜெர்மனியின் அஞ்சல் துறை 1972-இல் தொடங்கிய பி-நெட்ஸ் என்ற கார் தொலைபேசிச் சேவையில், காரிலிருந்து வெளியே அழைப்பது எளிதாக இருந்தது. காரை அழைப்பதுதான் கடினம். நாடு பல வானொலி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அழைப்பவர் முதலில் கார் இருக்கும் வட்டாரத்தின் குறியீட்டை அழுத்தி, அதன் பிறகே சந்தாதாரரின் எண்ணை அழுத்த வேண்டியிருந்தது. பிராங்பர்ட்டிலிருந்து மூனிக் நோக்கிப் புறப்பட்ட ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால், அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்தச் சாலையில் போகிறார், இந்நேரம் எங்கே இருப்பார் என்று அழைப்பவரே கணித்து, கணிப்பு தவறினால் அடுத்த வட்டாரத்தின் குறியீட்டை முயன்று பார்க்க வேண்டும். இருப்பிட மேலாண்மை முழுவதும் அழைப்பவரின் மனக்கணக்கில் நடந்தது. 1980-களின் நடுப்பகுதியில் வந்த சி-நெட்ஸ், நாடு முழுவதற்கும் 0161 என்ற ஒரே முன்குறியீட்டை அளித்து, அந்தக் கணக்கைத் தன் கணினிகளுக்கு மாற்றிக்கொண்டது. அதற்குச் சற்று முன்பே, 1981-இல் திறக்கப்பட்ட வட ஐரோப்பிய நாடுகளின் என்.எம்.டி. அமைப்பு, ஸ்வீடனில் பதிவான தொலைபேசி நார்வேக்குள் சென்றாலும் அதைத் தானாகவே தேடிக் கண்டுபிடிக்கும் திறனோடு வடிவமைக்கப்பட்டிருந்தது. 1991-இல் பின்லாந்தில் வணிகச் சேவைக்கு வந்த ஜி.எஸ்.எம். அந்தத் திறனை உலகளாவிய பொது விதிமுறையாக்கியது. இன்றைய நான்காம், ஐந்தாம் தலைமுறை வலையமைப்புகள் பெயர்களை மாற்றியிருந்தாலும் எலும்புக்கூடு ஜி.எஸ்.எம். வகுத்ததுதான்.

ஒரு கோபுரத்தின் அலைகள் சென்று சேரும் நிலப்பரப்பு செல் எனப்படுகிறது. நெருக்கமான நகரத்தில் சில நூறு மீட்டர், திறந்த வயல்வெளியில் பல கிலோமீட்டர் என அதன் அளவு மாறும். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது கைபேசி எந்தச் செல்லில் இருக்கிறது என்பது வலையமைப்புக்குத் துல்லியமாகத் தெரியும். அப்போது ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு அழைப்பை அறுபடாமல் ஒப்படைப்பது கைமாற்றம் என்ற வேறொரு கலை. கைபேசி எதுவும் செய்யாமல் சட்டைப்பையில் சும்மா இருக்கும்போதுதான் இருப்பிட மேலாண்மைக்கு வேலை வருகிறது. அந்த நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்பதை அறிய இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, கைபேசி தானே முன்வந்து தன் இடத்தை அவ்வப்போது தெரிவிக்க வேண்டும். இதற்கு இருப்பிடப் புதுப்பிப்பு என்று பெயர். மற்றொன்று, அழைப்பு வரும் நேரத்தில் வலையமைப்பு பல கோபுரங்களிலிருந்தும் அதன் அடையாளத்தைக் கூவி, பதில் வரும் திசையைக் கொண்டு இடத்தை அறிய வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒப்பான இதைப் பேஜிங் என்பார்கள்.

இரண்டில் ஒன்றை மட்டும் நம்பினால் அமைப்பு நிலைக்காது. செல் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு கைபேசியும் அறிவித்துக்கொண்டிருந்தால், வாகனங்கள் ஓடும் நகரத்தில் அறிவிப்புகளே அலைவரிசையை நிரப்பிவிடும், பேட்டரியும் வற்றிவிடும். யாரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை என்றாலோ, ஒவ்வோர் அழைப்புக்கும் நாட்டின் எல்லாக் கோபுரங்களும் கூவ வேண்டியிருக்கும். ஆகவே பொறியாளர்கள் இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசம் கண்டார்கள். அருகருகே உள்ள பல செல்களைத் தொகுத்து இருப்பிடப் பகுதி என்று பெயரிட்டார்கள். பகுதிக்குள் கைபேசி எத்தனை செல் மாறினாலும் வாய் திறக்க வேண்டியதில்லை, பகுதியின் எல்லையைக் கடந்தால் மட்டும் அறிவித்தால் போதும். அழைப்பு வந்தால் அந்தப் பகுதியின் கோபுரங்கள் மட்டும் கூவும். தமிழில் கூப்பிடு தூரம் என்று ஒரு வழக்கு உண்டு. இருப்பிடப் பகுதி என்பது வலையமைப்பு தனக்கென்று வகுத்துக்கொண்ட கூப்பிடு தூரமே.

எல்லை கடந்ததைக் கைபேசி எப்படி அறிகிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு கோபுரமும் தன் இருப்பிடப் பகுதியின் அடையாளத்தை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அடையாளத்தில் மூன்று கூறுகள் உள்ளன: முதலாவது மூன்றிலக்க நாட்டுக் குறியீடு, இந்தியாவுக்கு 404, 405 போன்றவை, இலங்கைக்கு 413, அடுத்தது நிறுவனத்தின் குறியீடு, கடைசியாகப் பகுதியின் எண். கடைசியாகப் பதிவு செய்த பகுதியின் அடையாளம் சிம் அட்டைக்குள் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கைபேசி தான் கேட்கும் ஒலிபரப்பையும் அந்தக் கோப்பையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது; இரண்டும் ஒத்திருக்கும் வரை அது மௌனம் காக்கும். ஒலிபரப்பில் வேறொரு பகுதியின் எண் கேட்டதும், திரை இருண்டிருக்க, உரிமையாளர் உறங்கிக்கொண்டிருக்க, அது தானே ஒரு சிறு உரையாடலைத் தொடங்குகிறது. வலையமைப்பு 128 பிட் நீளமுள்ள ஒரு தற்போக்கு எண்ணை அனுப்பிச் சோதிக்க, சிம் தன்னுள் புதைந்திருக்கும் இரகசியத் திறவியால் அதற்கு உரிய விடையைக் கணக்கிட்டு அனுப்ப, அடையாளம் உறுதியானபின் புதிய பகுதி பதிவாகி, சிம்மில் உள்ள கோப்பும் திருத்தப்படுகிறது. இரவு ரயிலில் பயணம் செய்பவரின் கைபேசி விடிவதற்குள் இதைப் பலமுறை செய்து முடித்திருக்கும்.

பதிவாகும் இடம் ஒன்றல்ல, இரண்டு. சந்தாதாரரின் நிரந்தர விவரங்களைத் தாங்கிய தாய்ப் பதிவேடு அவருடைய நிறுவனத்திடம் இருக்கிறது. அவர் இப்போது உலவும் வட்டாரத்தின் இணைப்பகத்தோடு வருகையாளர் பதிவேடு ஒன்று இணைந்திருக்கிறது. எந்த இருப்பிடப் பகுதி என்பது வருகையாளர் பதிவேட்டுக்குத்தான் தெரியும். தாய்ப் பதிவேட்டுக்குத் தெரிவதெல்லாம் எந்த வருகையாளர் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே. கைபேசி வேறொரு இணைப்பகத்தின் ஆட்சிக்குள் நுழைந்தால், புதிய வருகையாளர் பதிவேடு தாய்ப் பதிவேட்டுக்குச் செய்தி அனுப்பும். தாய்ப் பதிவேடு பழைய இடத்திலிருந்த பதிவை நீக்கச் சொல்லும். அதே இணைப்பகத்தின் கீழ் பகுதி மட்டும் மாறினால் தாய்ப் பதிவேட்டைத் தொந்தரவு செய்யவே வேண்டியதில்லை. வெளிநாடு சென்றவரின் கைபேசி சிங்கப்பூரில் எத்தனை தெரு சுற்றினாலும், சென்னையில் உள்ள தாய்ப் பதிவேட்டுக்கு ஒவ்வொன்றும் வந்து சேராததற்கு இந்த அடுக்குமுறைதான் காரணம்.

அழைப்பு ஒன்று வரும்போது இந்தப் பதிவேடுகள் உயிர் பெறுகின்றன. எண்ணைப் பெற்ற இணைப்பகம் தாய்ப் பதிவேட்டைக் கேட்கிறது. தாய்ப் பதிவேடு உரிய வருகையாளர் பதிவேட்டைக் கேட்கிறது. அது தன்னிடமுள்ள எண்களிலிருந்து தற்காலிக உலவு எண் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. இந்த எண்ணின் சிறப்பு, பழைய கம்பித் தொலைபேசி எண்ணைப் போல இது உண்மையிலேயே ஓர் இடத்தைக் குறிக்கிறது என்பது; அதனால் இதைக் கொண்டு அழைப்பை உரிய இணைப்பகம் வரை எந்தக் குழப்பமும் இல்லாமல் செலுத்திவிட முடியும். அழைப்பு அங்கே வந்து சேர்ந்ததும் எண்ணின் பணி முடிந்து, அது அடுத்தவருக்காகத் திரும்பிவிடுகிறது. அதன் ஆயுள் சில நொடிகள். பிறகு இருப்பிடப் பகுதியின் கோபுரங்கள் எல்லாம் ஒருசேரக் கூவ, ஒரே ஒரு கைபேசி ஒரே ஒரு கோபுரத்துக்குப் பதில் சொல்ல, அதற்கு அலைவரிசை ஒதுக்கப்பட்டு மணி ஒலிக்கிறது. எண்ணை அழுத்தியதற்கும் மறுமுனையில் மணி ஒலிக்கும் ஓசை கேட்பதற்கும் இடையே அழைப்பவர் உணரும் மௌனத்தின் பெரும்பகுதி இந்தத் தேடலுக்குச் செலவாகிறது.

தேடல் தோற்கும் விதங்களும் வாசகர்களுக்குப் பழக்கமானவையே. கைபேசியை முறையாக அணைத்தால், அணைவதற்கு முன் அது வலையமைப்புக்கு விடைபெறும் செய்தி ஒன்றை அனுப்பும். ஆகவே அதன்பின் வரும் அழைப்புக்காக எந்தக் கோபுரமும் கூவ வேண்டியதில்லை, ‘ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பை உடனே ஒலிக்கச் செய்யலாம். கைபேசி அலை எட்டாத அடித்தளத்துக்குள் சென்றுவிட்டாலோ கிணற்றில் விழுந்துவிட்டாலோ விடைபெற நேரமிருக்காது. கோபுரங்கள் கூவிப் பார்த்து, பதிலின்றி ஓய்ந்தபின், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்ற அறிவிப்பு சற்றுத் தாமதமாக வரும். இப்படிச் சொல்லாமல் மறைந்த கைபேசிகளுக்காக வலையமைப்பு முடிவின்றிக் கூவிக்கொண்டிருக்கலாகாது என்பதால், இடம் மாறாவிட்டாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கைபேசியும் தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி உள்ளது. ஜி.எஸ்.எம். முறையில் இந்தக் காலத்தை 6 நிமிட அலகுகளில், அதிகபட்சம் 25 மணி 30 நிமிடம் வரை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். நான்காம் தலைமுறையில் வழக்கமான இயல்பு மதிப்பு 54 நிமிடம்.

கூப்பிடு தூரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. அதை ஒரு சிறிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 60 முறை செல் எல்லையைக் கடக்கிறார், அவருக்கு 10 அழைப்புகள் வருகின்றன எனக் கொள்வோம். ஒரு புதுப்பிப்பில் சோதனை, விடை, பதிவு எனப் பல செய்திகள் இருபுறமும் செல்வதால் அதன் செலவு 10 அலகு, ஒரு கோபுரம் ஒருமுறை கூவுவதன் செலவு 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லே ஒரு பகுதி என்றால், புதுப்பிப்புக்கு 600, கூவலுக்கு 10, மொத்தம் 610 அலகு. ஒன்பது செல்களைச் சதுரமாகத் தொகுத்தால் பகுதியின் அகலம் மூன்று மடங்காகிறது, எல்லை கடப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. புதுப்பிப்புக்கு 200, கூவலுக்கு 90, மொத்தம் 290. நூறு செல்களைத் தொகுத்தாலோ புதுப்பிப்பு 60 அலகுக்கு இறங்கினாலும் கூவல் 1,000 அலகுக்கு ஏறி, மொத்தம் 1,060 ஆகிவிடுகிறது. மிகச் சிறியதும் தவறு, மிகப் பெரியதும் தவறு. இடையில் ஓரிடத்தில் செலவின் தாழ்வான பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் உண்மையான தொல்லை. நாள் முழுதும் கடையில் அமர்ந்து நூறு அழைப்புகள் பெறும் வியாபாரிக்குச் சிறிய பகுதி உகந்தது, நாள் முழுதும் லாரி ஓட்டி இரண்டே அழைப்புகள் பெறுபவருக்குப் பெரிய பகுதி உகந்தது, ஜி.எஸ்.எம். வரைபடமோ இருவருக்கும் ஒரே எல்லைக்கோட்டைத்தான் வகுத்தது.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதும் எளிய செய்தியல்ல. பரபரப்பான சாலையின் நடுவே அது விழுந்தால், எல்லையோரத்து வீடுகளில் உள்ள கைபேசிகள், அலையின் வலிமை சற்றே ஏறி இறங்குவதற்கு ஏற்ப, இடம் பெயராமலே இரு பகுதிகளுக்கும் மாறி மாறிப் பதிவு செய்துகொண்டிருக்கும். ரயில் பாதையின் குறுக்கே விழுந்தால், முழு ரயிலும் கோட்டைக் கடக்கும் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான கைபேசிகள் ஒரே செல்லில் ஒரே சமயத்தில் புதுப்பிப்புக் கேட்டு முட்டிக்கொள்ளும். திட்டமிடுவோர் கோட்டை ஆறு, மலை, காடு போன்ற ஆள் நடமாட்டம் குறைந்த இடங்கள் வழியே கொண்டுசெல்ல முயல்வது இதனால்தான். நான்காம் தலைமுறை இதற்கு ஓர் அழகான மாற்று கண்டது. சிறிய தடமறி பகுதிகளாக நிலம் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கைபேசிக்கும் அதற்கே உரிய பட்டியலாக 16 பகுதிகள் வரை தரப்படுகின்றன. பட்டியலில் உள்ள எந்தப் பகுதிக்குள் போனாலும் அறிவிக்க வேண்டியதில்லை. முன்பு இருந்த பகுதியையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் எல்லையோர ஊசலாட்டம் ஒழிகிறது. பயணிகளுக்கு வெவ்வேறு பட்டியல்கள் கொடுத்தால் ரயில் முழுவதும் ஒரே கோட்டில் முட்டுவதும் ஒழிகிறது. எல்லைக்கோடு நிலத்திலிருந்து நீங்கி ஆளோடு நடக்கத் தொடங்கியதே இந்தத் துறையின் மிகச் சிறந்த முன்னேற்றம் எனலாம்.

இதற்கான கோட்பாட்டு அடித்தளம் 1990-களிலேயே இடப்பட்டிருந்தது. அமோட்ஸ் பார்-நோய், இலான் கெஸ்லர், மோஷே சிடி ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த காலத்துக்கு ஒருமுறை அறிவிப்பது, குறித்த எண்ணிக்கையில் செல்கள் மாறியபின் அறிவிப்பது, கடைசியாக அறிவித்த இடத்திலிருந்து குறித்த தொலைவு விலகியபின் அறிவிப்பது என்ற மூன்று உத்திகளை ஒப்பிட்டு, தொலைவு உத்தியே மூன்றிலும் சிறந்தது என்று காட்டினார்கள். தெருவுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடப்பவர் பல செல் மாற்றங்களைச் செய்தாலும் தொலைவு விலகுவதில்லை என்பதை எண்ணினால் முடிவு பொருத்தமாகவே தோன்றும். அதே ஆண்டில் கிறிஸ்டோபர் ரோஸும் ராய் யேட்ஸும் கூவலின் பக்கத்தை ஆராய்ந்தார்கள்: எல்லாச் செல்களிலும் ஒருசேரக் கூவாமல், ஆள் இருக்கக்கூடிய வாய்ப்பு மிகுந்த இடத்தில் முதலில் கூவி, பதில் இல்லையென்றால் மட்டும் வளையத்தை விரிக்கலாம். ஒன்பது செல்களில், கடைசியாகக் கண்ட செல்லிலேயே ஆள் இருக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு என்றால், சராசரிக் கூவல் 9-இலிருந்து 4.2-ஆகக் குறையும், அதற்கு ஈடாக 40 விழுக்காடு அழைப்புகள் சிறிது தாமதமாகும்.

கூவுவதைப் போலவே கேட்பதற்கும் செலவு உண்டு. கைபேசி தன் வானொலியை எந்நேரமும் திறந்து வைத்திருந்தால் பேட்டரி நாள் தாங்காது. அதனால் அது பெரும்பாலான நேரம் உறங்கி, உதாரணமாக 1.28 நொடிக்கு ஒருமுறை, ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடி மட்டும் விழித்துத் தன் பெயர் கூவப்படுகிறதா என்று கேட்டுவிட்டு மீண்டும் உறங்குகிறது. எந்தக் கணத்தில் விழிக்க வேண்டும் என்பதைக் கைபேசியும் வலையமைப்பும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே விடைக்கு வர வேண்டும். நான்காம் தலைமுறையில், சிம்மின் 15 இலக்க உலகளாவிய அடையாள எண்ணை 1,024-ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியிலிருந்து அந்தக் கணம் பெறப்படுகிறது. ஒரே அறையில் அருகருகே கிடக்கும் இரண்டு கைபேசிகள் வெவ்வேறு கணங்களில் கண் விழிப்பதற்கு அவற்றின் எண்களே காரணம். தண்ணீர் மானி போன்ற கருவிகளுக்கான குறுகிய அலைப்பட்டை முறையில் இந்த உறக்கம் ஏறத்தாழ 2 மணி 55 நிமிடம் வரை நீள்கிறது.

வலையமைப்பு தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்த பெருமை இந்த வடிவமைப்புக்கு உண்டு என்றாலும், தெரிந்துகொண்டதைக் காப்பதில் அது பல பத்தாண்டுகள் கவனக்குறைவாகவே இருந்தது. சந்தாதாரரின் உண்மை அடையாளம் காற்றில் கசியாதிருக்க ஜி.எஸ்.எம். ஒரு தற்காலிக அடையாளத்தைக் கூவலில் பயன்படுத்தியது. ஆனால் 2012-இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒருவரை அழைத்து மணி ஒலிப்பதற்கு முன்பே துண்டித்து, அதே நேரத்தில் அந்த வட்டாரத்தின் கூவல்களை மலிவான பழைய கைபேசி ஒன்றால் கேட்டு, இதைப் பலமுறை செய்தபோது எந்த அடையாளம் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுவே அவருடையது என்று கண்டுபிடித்துக் காட்டினார்கள். அவர் அந்தப் பகுதியில் இருக்கிறாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாமலே பிறருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன், 2008-இல் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், டோபியாஸ் எங்கல் என்ற ஆய்வாளர், நிறுவனங்கள் தாய்ப் பதிவேடுகளைக் கேள்வி கேட்கப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.7 என்ற சமிக்ஞை வலையமைப்பு, கேட்பவர் யார் என்று சரிபார்க்காமலே விடை தருவதைச் செய்து காட்டினார். ஒருவரையொருவர் நம்பிய ஒருசில அரசு நிறுவனங்களுக்காக வகுக்கப்பட்ட விதிகள், உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் வந்தபின்னும் அப்படியே தொடர்ந்ததன் விளைவு அது. ஐந்தாம் தலைமுறை நிரந்தர அடையாளத்தை மறையாக்கம் செய்தே காற்றில் அனுப்ப வகை செய்தது. உறக்கத்திலிருந்து விழிக்கும் கணத்தையும் நிரந்தர எண்ணுக்குப் பதில் தற்காலிக அடையாளத்திலிருந்தே கணக்கிடச் செய்தது.

காற்றில் கசிவதை அடைக்கலாம்; ஏட்டில் சேர்வது வேறு செய்தி. திறன்பேசிகள் பின்னணியில் ஓயாமல் தரவு பரிமாறுவதால், பகுதி அளவில் மங்கலாக இருந்திருக்க வேண்டிய இருப்பிடம் இன்று அடிக்கடி செல் அளவில் தெளிவாகிறது. அழைப்பு விவரங்களோடு அந்தச் செல்லின் எண்ணும் சேமிக்கப்படுகிறது. ஜெர்மானியப் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்டே ஸ்பிட்ஸ், தன்னைப் பற்றித் தன் தொலைபேசி நிறுவனம் வைத்திருந்த ஆறு மாதப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று 2011-இல் வெளியிட்டபோது, அதில் 35,000-க்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூன் 22 அன்று தீர்ப்பளித்த கார்ப்பென்டர் வழக்கில், காவல்துறை நீதிமன்றப் பிடியாணை இன்றிப் பெற்றிருந்தது 127 நாள்களின் 12,898 இருப்பிடப் புள்ளிகளை; அத்தகைய பதிவுகளைப் பெறப் பொதுவாகப் பிடியாணை தேவை என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் கூறினார்கள். அழைப்பைக் கொண்டுசேர்ப்பதற்காக மட்டும் திரட்டப்பட்ட செய்தி காவல்துறையின் கைக்குப் போக வேண்டுமானால் பொதுவாகப் பிடியாணை வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு, எந்த நாட்டிலும் ஏற்கத்தக்கது. தற்காலிக உலவு எண் ஓர் அழைப்புக்குச் சில நொடிகள் உழைத்துவிட்டு மறைகிறது. அந்த அழைப்பின் விவரப் பதிவையோ, இந்தியாவில் நிறுவனங்கள் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றிருந்த உரிம நிபந்தனை, 2021 டிசம்பரில் இரண்டாண்டாக உயர்த்தப்பட்டது.